சூடானால் நின்றுபோகும் வேகமானி: வேக சென்சார் பழுது ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முன்சக்கர இயக்கமும் ஐந்து கியர் மேனுவல் கியர் பாக்ஸும் கொண்ட, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) இல்லாத சிறிய பெட்ரோல் கார் ஒன்று இந்த ஆய்வுக்கு உட்பட்டது. அதன் உரிமையாளர் எங்கள் பணிமனைக்கு இரண்டு முறையீடுகளோடு வந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கிப் பூஜ்ஜியத்தில் விழுந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் தானாக எழுவதும் உண்டு, பயணம் முடியும்வரை எழாமலே கிடப்பதும் உண்டு. முள் அப்படி விழுந்து கிடக்கும் வேளையில், நிறுத்தத்தை நெருங்கிக் கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் சில சமயம் அணைந்துவிடுகிறது. அவரைக் கவலைக்குள்ளாக்கியது இந்த இரண்டாவது முறையீடுதான். எங்களுக்கும் அதுவே முதன்மையாகப் பட்டது, ஏனெனில் இன்ஜின் அணைந்துவிட்டால் பிரேக் பூஸ்டருக்குப் புதிய வெற்றிடம் கிடைப்பதில்லை; மிதியை ஒன்றிரண்டு முறை அழுத்தியதும் இருப்பில் உள்ள உதவி தீர்ந்து, அதன்பின் முழுக்கவும் கால் பலத்தால் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் வேலை நடந்திருந்தது. முதல் இடத்தில் மீட்டர் போர்டைக் கழற்றி, பின்புறச் சாலிடர் இணைப்புகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் கியர் பாக்ஸ் அருகே உள்ள வேக சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் இணைப்புச் செருகியை, பிரித்து, சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இரண்டு முறையும் வண்டி சரியாகிவிட்டது போலவே தோன்றியது என்றும், சில நாட்களில் பழைய கதை திரும்பியது என்றும் உரிமையாளர் சொன்னார். இந்தத் தகவலை முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழுதின் இயல்பு தெளிந்த பிறகு, இதுவே கையில் இருந்த மிக முக்கியமான குறிப்பு என்பது புரிந்தது.

இந்த வண்டியில் வேகம் எப்படி அளக்கப்படுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கியர் பாக்ஸுக்குள், இரு முன்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலோடு சுழலும் ஒரு பற்சக்கரம், சென்சாரின் முனையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் தண்டில் காந்தம் இருக்கிறது. அதன் எதிரே ஹால் விளைவில் இயங்கும், அதாவது காந்தப்புலத்தை உணரும், ஒரு ஐசி (மின்னணுச் சில்லு) இருக்கிறது. சென்சாருக்கு மூன்று வயர்கள்: பேட்டரி சப்ளை, எர்த், சிக்னல். சென்சார் தானாக எந்த வோல்டேஜையும் அனுப்புவதில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் ஒரு மின்தடை வழியாகச் சிக்னல் வயரில் 5 வோல்ட்டை ஏற்றி வைத்திருக்கிறது. தண்டு சுழலும்போது சென்சார் அந்த வயரை எர்த்துக்கு இழுத்து விட்டு, இழுத்து விட்டுத் துடிப்புகளை உண்டாக்குகிறது. தண்டின் ஒரு சுற்றுக்கு 4 துடிப்புகள். ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுழல வேண்டும் என்ற பழைய ஜப்பானியத் தர அளவையே இந்த வண்டியும் பின்பற்றுவதால், ஒரு கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள் கிடைக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 42.5 ஹெர்ட்ஸ். அதே சிக்னல் வயர் வழியில் ஓர் இடத்தில் கிளை பிரிந்து மீட்டர் போர்டுக்கும் போகிறது.

ஸ்கேனரில் கண்டவை

ஈசிஎம்மின் தரவுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தபோது, அதில் பி0500 என்ற வேக சென்சார் பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தது. செக் இன்ஜின் விளக்கு மட்டும் எரியவில்லை. முள் அடிக்கடி விழுகிறது, விளக்கு எரிவதில்லை என்ற இந்த முரண்பாடு முன்பு பார்த்தவர்களை மீட்டர் போர்டின் பக்கம் திருப்பியிருக்கலாம். ஈசிஎம்முக்குப் பழுது தெரியவில்லை என்றால் மீட்டர் போர்டில்தான் கோளாறு இருக்கும் என்று எண்ணுவது இயல்பே.

குறியீட்டோடு சேமிக்கப்பட்டிருந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் தரவு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. குறியீடு பதிவான நொடியில் துராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) மூடியிருந்தது, இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் சுழன்றது, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டிருந்தது, குளிர்விப்பு நீர் 93 டிகிரி செல்சியஸ், வேகம் பூஜ்ஜியம். எரிபொருளே இல்லாமல் ஓர் இன்ஜின் 2,400-இல் சுழல்கிறது என்றால் சக்கரங்கள்தான் அதைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதாவது வண்டி கியரில் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பல வண்டிகளில் ஈசிஎம் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் தருக்கமும் இதுவே: வேகம் குறையும்போது எரிபொருள் நிறுத்தம் சில நொடிகளுக்கு நீடித்து, அந்த இடைவெளியில் ஒரு துடிப்பும் வராவிட்டால்தான் பழுது என்று தீர்மானிக்கிறது. நெரிசலில் விட்டு விட்டு ஓடும் வண்டிக்கு அவ்வளவு நீண்ட வேகக்குறைப்பு அரிதாகவே வாய்க்கும். வாய்த்தாலும், அடுத்தடுத்த இரு பயணங்களில் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு எரியும். எனவே விளக்கு எரியாததை வைத்து ஈசிஎம்முக்குச் சிக்னல் போய்ச் சேருகிறது என்று முடிவு கட்ட முடியாது.

குறியீட்டை உடனே அழிப்பதில்லை என்று முடிவெடுத்து, ஃப்ரீஸ் ஃப்ரேம் தரவைப் படமெடுத்துப் பணி அட்டையில் சேர்த்தோம். அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் குறியீட்டோடு அந்தத் தரவும் போய்விடும்.

முதல் சாலை ஓட்டம்

ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருக்க வண்டி வெளியே சென்றது. முதல் கால் மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. அரை மணி நேரத்தைத் தாண்டிய பிறகு முள் நடுங்கத் தொடங்கியது. ஸ்கேனரில் ஈசிஎம் காட்டிய வேகமும் அதனுடனேயே தாறுமாறாகக் குதித்தது. பின்பு இரண்டும் ஒரே நேரத்தில் பூஜ்ஜியமாயின.

மீட்டர் போர்டும் ஈசிஎம்மும் தனித்தனிப் பெட்டிகள்; இரண்டும் ஒரே நொடியில் பழுதாவது நடக்கக்கூடியதன்று. எனவே பழுது இரண்டுக்கும் பொதுவான பகுதியில் இருக்க வேண்டும். ஆனால் இதிலிருந்து நேரே சென்சாருக்குத் தாவிவிடக் கூடாது. சிக்னல் வயர் ஒன்றே என்பதால், கிளைகளில் எங்கேனும் வயர் எர்த்தில் உரசினாலும், ஏதேனும் ஒரு பெட்டி வயரைக் கீழே இழுத்தாலும் இரண்டுக்கும் ஒருசேரச் சிக்னல் நின்றுவிடும். ஆக, சந்தேகப் பட்டியலில் சென்சார், அதன் பற்சக்கரம், அதன் சப்ளை, அதன் எர்த், சிக்னல் வயரின் முழு நீளம், அந்த வயரில் தொங்கும் அத்தனை கருவிகளும் இருந்தன. மீட்டர் போர்டின் முள்ளும் அதன் மோட்டாரும் மட்டுமே பட்டியலிலிருந்து நீங்கின.

குளிர்ந்த நிலையில் செய்த அளவைகள்

வண்டி இரவு முழுவதும் நின்று ஆறிய பிறகு கப்ளரில் அளவெடுத்தோம். இக்னிஷன் போட்ட நிலையில் சப்ளை முனையில் 12.4 வோல்ட் இருந்தது. எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, சென்சார் இணைந்திருக்கும்போதே அளந்ததில் 0.02 வோல்ட்தான் இழப்பு. கப்ளரைக் கழற்றிவிட்டு எர்த்தை மின்தடை அளவையில் சோதிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓட்டம் இல்லாத வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்ல அளவையே காட்டும் என்பதால் அதை நாங்கள் நம்புவதில்லை.

சிக்னல் முனையில்தான் முதல் வேறுபாடு தெரிந்தது. சென்சாரைக் கழற்றிய நிலையில் வயரிங் பக்கச் சிக்னல் முனையில் 5 வோல்ட்டை ஒட்டிய அளவு வந்திருக்க வேண்டும், 3.6 வோல்ட்தான் வந்தது. ஏதோ ஒன்று அந்த வயரைச் சுமையாகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது இதற்குப் பொருள். வயரைத் தொடர்ந்து போனபோது, டேஷ்போர்டுக்குக் கீழே, வயரின் உறையைக் கிழித்துக் கடித்துக்கொள்ளும் நீல நிறக் கிளிப் ஒன்று சிக்னல் வயரில் மாட்டியிருந்தது. வண்டி வேகமெடுத்ததும் கதவுகளைத் தானாகப் பூட்டுவதற்காகப் பின்னாளில் பொருத்திய ஒரு கருவிக்கு அங்கிருந்து வயர் போயிற்று. கிளிப்பை நீக்கியபோது உள்ளே செம்பு இழைகளில் சில அறுந்து, மீதி பச்சை பூத்திருந்தன.

இந்த இடத்தில் எங்கள் பணிமனையிலேயே இரு கருத்துகள் எழுந்தன. பழுதைக் கண்டுவிட்டோம், கருவியை நீக்கி வயரைச் சரிசெய்து வண்டியைக் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. அப்படியொரு கிளிப்பைப் பார்த்தவுடன் தேடலை நிறுத்தத் தோன்றும். அதற்குரிய குற்றவாளித் தோற்றம் அதற்கு இருந்தது. ஆனால் சிக்னலின் மேல்மட்டம் 3.6 வோல்ட்டாகக் குறைந்திருந்தாலும் ஈசிஎம் துடிப்புகளைத் தவறாமல் படித்துக்கொண்டுதான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஏன் நிற்கிறது என்பதற்கு அந்தக் கிளிப்பில் விடை இல்லை. ஆகவே கிளிப்பையும் கருவியின் இணைப்பையும் நீக்கி, வயரைச் சாலிடர் செய்து சுருங்கும் குழாய் போட்டு மூடி, வேறெதையும் தொடாமல் மீண்டும் அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சென்சாரையும் சேர்த்தே மாற்றிவிட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் எது நோய், எது மருந்து என்பது தெரியாமலே போயிருக்கும்.

வண்டியை வெளியே எடுக்குமுன் இன்னும் இரண்டு சோதனைகள் செய்தோம். சென்சார் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கச் சிக்னல் முனையை ஒரு துண்டு வயரால் எர்த்தில் விட்டு விட்டுத் தொட்டோம். நொடிக்கு ஐந்து முறை தொட்டால் 5 ஹெர்ட்ஸ். 2,548 துடிப்புக் கணக்கில் அது மணிக்கு 7 கிலோமீட்டர். ஸ்கேனரில் வேகம் 6-க்கும் 8-க்கும் இடையே ஆடியது. நின்றுகொண்டிருக்கும் வண்டியை ஈசிஎம் ஓடுவதாக எடுத்துக்கொண்டதால், வயரும் ஈசிஎம்மின் உள்ளீடும் நலம் என்பது உறுதியாயிற்று. சிக்னல் முனையை எர்த்தில் தொடுவதால் தீங்கில்லை, மின்தடை வழியே மிகச் சிறிய ஓட்டமே பாய்கிறது. அடுத்த முனையான சப்ளையைத் தவறித் தொட்டால் ஃப்யூஸ் போகும். எனவே எந்த முனை எது என்பதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சென்சாரை மாட்டிவிட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் கையால் சுழற்றித் துடிப்புகளை எண்ணுவது. இதில் புதியவர்கள் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இந்த டயரின் சுற்றளவு சுமார் 1.75 மீட்டர், வண்டி நேராக ஓடும்போது சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சராசரியாக நாலரைத் துடிப்புகள் வரும். ஆனால் ஒரு சக்கரம் தரையில் நிலையாக நிற்க, மற்றதை மட்டும் சுழற்றும்போது டிஃபரன்ஷியலின் கூடு பாதி வேகத்திலேயே சுழலும். எனவே இரண்டேகால் துடிப்பை ஒட்டித்தான் கிடைக்கும். பத்துச் சுற்றில் 22 துடிப்புகள் வந்தன. சென்சார் குளிர்ந்த நிலையில் குறையின்றி இருந்தது.

பழுது வெளிப்பட்ட ஓட்டம்

குளிர்ந்த நிலையில் எல்லாம் நலம் என்பதால், சூடான நிலையில் அளக்காமல் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியாத நிலை வந்தது. பணிமனையிலேயே வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சென்சாரைச் சூடேற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை எழுந்தது, அதை ஏற்கவில்லை. அந்தக் கருவியின் முனையில் பல நூறு டிகிரி வெப்பம் வரும். நல்ல சென்சாரைக்கூட அது கெடுத்துவிடும். அப்படி விழும் சிக்னல் வண்டியின் பழுதா, நாம் உண்டாக்கிய பழுதா என்று பிரிக்க இயலாது. வண்டி தன் போக்கில் சூடாகித் தன் போக்கில் பழுதாகட்டும் என்று விட்டோம்.

சென்சார் கப்ளரின் பின்புறம் வழியாக மெல்லிய ஊசிமுனைகளைச் செருகி, மூன்று வயர்களையும் பானெட் விளிம்பு வழியே உள்ளே கொண்டுவந்து வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை அலையாக வரைந்து காட்டும் இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப்பில் இணைத்தோம். ஒரு சேனலில் சிக்னல், மறு சேனலில் சப்ளை. இரண்டுக்கும் ஒப்பீடு சென்சாரின் எர்த் முனை. வயர்கள் டிரைவ் ஷாஃப்ட்டையும் சைலன்சர் குழாயையும் தொடாதபடி கட்டப்பட்டன. சாதாரண மல்டிமீட்டர் இந்த வேலைக்குப் போதாது: பாதி நேரம் மேலேயும் பாதி நேரம் கீழேயும் இருக்கும் சதுர அலையை அது சராசரியாக்கி இரண்டரை வோல்ட் என்று காட்டும், இடையிடையே துடிப்புகள் விடுபட்டாலும் அந்த எண்ணில் தெரியாது.

தொடக்கத்தில் அலை ஒழுங்காக இருந்தது: மேல்மட்டம் 4.9 வோல்ட், கீழ்மட்டம் 0.2 வோல்ட், 40 கிலோமீட்டர் வேகத்தில் 28 ஹெர்ட்ஸ். கருவியின் சுமை நீங்கியதால் மேல்மட்டம் உயர்ந்திருந்தது. அரை மணி நேரம் கடந்தபின் முதல் மாற்றம் கீழ்மட்டத்தில் தெரிந்தது. முள் இன்னும் ஆடாமல் நின்றிருந்தபோதே 0.2 வோல்ட் 0.9 ஆயிற்று, மெல்ல ஏறி 1.6-ஐ அடைந்தது. சென்சார் வயரை முழுதாக இழுக்கத் திணறுகிறது என்பதை அலை அப்பட்டமாகக் காட்டியது. அதன்பின் வரிசையில் ஓரிரு துடிப்புகள் விடுபட்டன, முள் நடுங்கியது. பிறகு அலை முற்றிலும் நின்று, கோடு 4.9 வோல்ட்டில் நேராகப் போயிற்று. இந்த நேரம் முழுவதும் சப்ளை 13.9 வோல்ட்டிலிருந்து அசையவே இல்லை.

கோடு எந்த மட்டத்தில் நின்றது என்பதில்தான் இந்த வழக்கின் முடிச்சு அவிழ்ந்தது. பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றிருந்தால், யாரோ வயரைக் கீழே பிடித்து இழுக்கிறார்கள் என்று பொருள்: எர்த்தில் உரசும் வயர், சுமையேற்றும் கருவி, இழுத்த நிலையிலேயே உறைந்த சென்சார். நம் கோடு 4.9-இல் நின்றது. எனவே வயர் எர்த்தில் உரசவில்லை, அறுபடவும் இல்லை. இழுக்க வேண்டியவர் இழுக்கவில்லை. அறுந்திருந்தால்? ஊசிமுனைகள் சென்சார் கப்ளரிலேயே இருந்தன. ஈசிஎம்மின் 5 வோல்ட் அந்த முனைவரை வந்து சேர்ந்ததே வயர் முழுதாக இருக்கிறது என்பதற்குச் சான்று. சப்ளையும் எர்த்தும் நலம் என்பதால், மிஞ்சியவை இரண்டு: சென்சாரின் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி, அல்லது சூட்டில் தண்டில் வழுக்கும் பற்சக்கரம். கீழ்மட்டம் படிப்படியாக உயர்ந்ததைப் பார்த்தால் முதலாவதே பொருத்தமாகத் தெரிந்தது, ஏனெனில் பற்சக்கரம் வழுக்கினால் துடிப்புகள் குறையுமேயன்றி ஒவ்வொரு துடிப்பின் ஆழமும் குறையாது. இருந்தாலும் பிரித்தறிய ஒரு நேரடிச் சோதனை இருந்ததால் அதையும் செய்தோம்.

சூடாக இருக்கும்போதே கழற்றியது

வண்டி பழுது நிலையிலேயே பணிமனைக்குத் திரும்பியது. பானெட்டைத் திறந்தவுடன் அகச்சிவப்பு வெப்பமானி சென்சாரின் உடலில் 84 டிகிரி காட்டியது. இவ்வகைச் சென்சார் சாதாரணமாகத் தாங்க வேண்டிய வெப்பத்துக்கு அது மிகவும் குறைவு. முதலில் கப்ளரைக் கழற்றித் துண்டு வயரால் சிக்னல் முனையைத் தொட்டுப் பார்த்தோம். சூடான நிலையிலும் ஸ்கேனர் வேகம் காட்டியது. அடுத்து, சென்சாரைச் சுற்றி இருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, ஒற்றைப் போல்ட்டை நீக்கி அதை வெளியே எடுத்தோம். துளைக்குள் தூசி விழாதபடி சுத்தமான துணியால் மூடினோம்.

எண்ணெய் பூசிய அந்தச் சிறு பற்சக்கரத்தைக் கையுறையோடு பிடித்து, கப்ளரை மீண்டும் மாட்டி, இக்னிஷன் போட்டு, விரலால் உருட்டினோம். பற்சக்கரம் தண்டோடு சேர்ந்தே சுழன்றது, வழுக்கவில்லை. பற்களில் தேய்மானமும் இல்லை. ஸ்கோப்பில் கோடு 4.9 வோல்ட்டில் அசையாமல் கிடந்தது. கப்ளரைக் கழற்றாமலே சென்சாரை ஒரு தட்டில் வைத்துவிட்டு, சிறிது நேரத்துக்கு ஒருமுறை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெப்பமானி 60-க்குக் கீழே வந்தபோது ஆழம் குறைந்த அலை எட்டிப் பார்த்தது; 50-ஐத் தொடுவதற்குள் கீழ்மட்டம் 0.3 வோல்ட்டுக்கு இறங்கி, அலை முழுமையாக வந்துவிட்டது. இதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை. சென்சாரின் உட்பகுதி முழுக்க ரெசின் நிரப்பியிருந்ததால் அதை உடைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை என்று விட்டுவிட்டோம்.

முந்தைய இரு இடங்களிலும் வண்டி ஏன் 'சரியானது' என்பதும் இப்போது விளங்கியது. மீட்டர் போர்டைக் கழற்றிச் சாலிடர் வைத்து மாட்டும் நேரத்தில் கியர் பாக்ஸ் ஆறிவிட்டது. ஸ்பிரே அடித்தபோதும் அப்படியே. வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது முள் ஒழுங்காக வேலை செய்ததற்கு அது ஆறியிருந்ததே காரணம். சூட்டில் மட்டும் வரும் பழுதுக்கு, கடைசியாக என்ன செய்தோமோ அது மருந்துபோலவே தெரியும்.

சென்சார் மாற்றமும் பல் எண்ணிக்கையும்

முதலில் வந்த மாற்று உதிரி பார்வைக்கு அச்சாகப் பழையதைப் போலவே இருந்தது. கப்ளரும் போல்ட் துளையும் பொருந்தின. வழக்கப்படி பற்களை எண்ணினோம். பழையதில் 20, புதியதில் 21. ஒரு பல் கூடினால் தண்டு அந்த விகிதத்தில் மெதுவாகச் சுழலும்; உண்மை வேகம் 60 ஆக இருக்கும்போது முள் 57-ஐக் காட்டும், ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறையின் அடிப்படை விதி. கூட்டிக் காட்டுவதற்குத்தான் அதில் இடம் உண்டு, அதுவும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவுவரை. எனவே அந்த உதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டு 20 பற்கள் கொண்டதை வரவழைத்தோம். பழைய பற்சக்கரத்தைப் புதிய சென்சாரில் மாற்றிப் பொருத்தலாம் என்ற யோசனையையும் தள்ளிவிட்டோம். அதைப் பிடித்திருக்கும் சிறு கிளிப் கழற்றி மாட்டுவதற்கென்று செய்யப்பட்டதன்று, கியர் பாக்ஸுக்குள் அது விழுந்தால் செலவு எங்கோ போய் நிற்கும்.

புதிய ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி, சென்சாரைக் கையால் அழுத்தி, பற்கள் கோத்துக்கொள்வதை உணர்ந்த பிறகு போல்ட்டை முறுக்கினோம். கியர் ஆயில் மட்டமும் சரிபார்க்கப்பட்டது.

விளைவு

குறியீட்டை இப்போதுதான் அழித்தோம். அதே ஸ்கோப், அதே பாதை, முன்பு பழுது வெளிப்பட்ட நேரத்தைவிடக் கூடுதலான ஓட்டம். ஓட்டம் முடிந்து நின்றபோது சென்சாரின் உடல் 86 டிகிரியில் இருந்தது, கீழ்மட்டம் 0.2 வோல்ட்டிலேயே இருந்தது. ஜிபிஎஸ் வேகம் 60 காட்டும்போது ஸ்கேனரில் 61, முள் 63-ஐ ஒட்டி நின்றது.

இன்ஜின் அணையும் முறையீடு மட்டும் முழுதாக ஒரே அடியில் தீரவில்லை. வண்டி ஓடும் நிலையில் துராட்டில் மூடும்போது ஈசிஎம் சற்றுக் கூடுதலான காற்றை விட்டு, ஆர்பிஎம்மை மெதுவாக இறக்கும். வேகம் பூஜ்ஜியம் என்று நம்பினால் அந்தக் கரிசனம் இல்லாமல் நேராக ஐடிலிங் அளவுக்கு இறக்கிவிடும். சென்சார் மாற்றிய பிறகு இன்ஜின் அணையவில்லை என்றாலும், ஏசி ஓடும்போது கிளட்ச்சை மிதித்தால் ஆர்பிஎம் ஒருமுறை அமுங்கி எழுந்தது. துராட்டில் பாடியைத் திறந்தபோது தகட்டின் விளிம்பில் கரி தடித்திருந்தது. அதைச் சுத்தம் செய்து ஐடிலிங் கற்றலை (ஈசிஎம் ஐடிலிங் காற்றளவைப் புதிதாகக் கற்றுக்கொள்வதை) மறுபடி செய்ததும் அமுக்கம் மறைந்தது. சிக்னல் நின்ற எல்லா வேளையிலும் இன்ஜின் அணையாமல், சில வேளைகளில் மட்டுமே அணைந்ததற்கு இந்த இரண்டு குறைகளும் ஏசியின் சுமையும் ஒன்றுசேர வேண்டியிருந்ததே காரணம் என்று கருதுகிறோம்.

உரிமையாளரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி, பணி அட்டையிலும் எழுதினோம். பழுது நீடித்த காலத்தில் ஓடோமீட்டர் எண்ணாமல் விட்ட தூரம் இருப்பதால், அடுத்த ஆயில் மாற்றத்தையும் டைமிங் பெல்ட் மாற்றத்தையும் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பாமல் காலக்கணக்கை வைத்தும் பார்க்க வேண்டும். கதவுப் பூட்டுக் கருவி சிக்னல் வயரில் மீண்டும் இணைக்கப்படவில்லை. அது இனி ரிமோட்டால் மட்டும் வேலை செய்யும். இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த வழக்கமான சர்வீஸுக்கு வந்தபோது குறியீடு எதுவும் இல்லை, முள் விழவே இல்லை என்றார்.

நடைமுறையில் செய்துகொண்ட மாற்றங்கள்

வண்டியை எடுத்துக்கொள்ளும்போது கேட்கும் கேள்விகளில் மூன்றைச் சேர்த்திருக்கிறோம்: பழுது புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, முன்பு செய்த வேலைக்குப் பிறகு எத்தனை நாள் நன்றாக இருந்தது, வண்டி வாங்கிய பின் என்னென்ன கருவிகள் பொருத்தப்பட்டன. இந்த வண்டியில் மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே தேடிய நேரம் மிஞ்சியிருக்கும். இரண்டாவதுக்கான விடையைத் துருவிக் கேட்டிருந்தால் சூடு என்ற எண்ணம் முன்னரே வந்திருக்கும்.

முதல் சாலை ஓட்டத்திலேயே ஸ்கோப்பை இணைத்துவிடுவது இரண்டாவது மாற்றம். ஸ்கேனர் மட்டும் கொண்டு சென்ற ஓட்டம் சிக்னல் நின்றுபோகிறது என்பதைச் சொன்னது. எந்த மட்டத்தில் நின்று போகிறது என்பதைச் சொல்லவில்லை. ஊசிமுனை செருகி வயரை உள்ளே கொண்டுவரும் வேலைக்கு ஆகும் நேரம், இன்னொரு முறை வண்டி சூடாகக் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு.

இந்த முறை மூன்று வயர் ஹால் சென்சாருக்கே உரியது. இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகைச் சென்சாரில் ஏற்றி வைத்த 5 வோல்ட் சதுர அலை இருக்காது. சுழற்சியால் அதுவே மாறுதிசை வோல்டேஜை உண்டாக்குகிறது, வேகம் கூடக் கூட அதன் உயரமும் கூடும். அங்கே பார்க்க வேண்டியவை சுருளின் மின்தடை, காற்று இடைவெளி, முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் ஆகியவை. மெதுவான வேகத்தில் மட்டும் சிக்னல் நின்றுபோவது அந்த வகையின் அடையாளம். ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் கியர் பாக்ஸில் தனிச் சென்சாரே இருக்காது. சக்கரச் சென்சார்களிலிருந்து ஏபிஎஸ் பெட்டி கணக்கிடும் வேகமே வண்டியின் உள்வலை வழியாக ஈசிஎம்முக்கும் மீட்டர் போர்டுக்கும் போகும். அத்தகைய வண்டியில் பி0500 வந்தால் கியர் பாக்ஸின் பக்கம் போகாமல் ஏபிஎஸ் பெட்டியின் குறியீடுகளை முதலில் படிக்க வேண்டும்.